அண்ணன் குரலில் ஒரு ‘வேண்டாம்’

கோயமுத்தூருக்குங்களா சார்? நானும் இதே பஸ்ஸுல உக்கடம் வரைக்குந்தானுங்க. மடியில கம்ப்யூட்டர் பை வெச்சிருக்கீங்க. அப்ப உங்களைத்தான் கேக்கோணும். ஒரு மிசின் பொய் சொல்லுமுங்களா?

சிரிக்காதீங்க. கணக்குல தப்புப் பண்றது வேற, கரண்ட்டு போயி நின்னுக்கறது வேற. நான் கேக்கறது, ஒரு மனுசனோட குரலை எடுத்து வெச்சுக்கிட்டு, அந்த மனுசன் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அவன் குரல்லயே ஊருக்குள்ள பேசுமுங்களா? பேசுது சார். என் குரல்ல பேசுது. அந்தக் காதுல மாட்டறதைக் கழட்டி வெச்சுப்போடுங்க, சொல்றேன்.

என்னைத் தெரியலீங்களா? குரலைக் கேட்டுமா தெரியலை? அப்ப நீங்க உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயம் பாத்ததில்லையாட்ட இருக்குது. மைக் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க. காது குத்து, கும்பாபிசேகம், கண்ணாலம், கட்சிக் கூட்டம், எதுன்னாலும் மைக்குல நான்தானுங்க. மாடு ஓடற வேகத்தை விட நாச்சிமுத்து வாய் ஓடற வேகம் சாஸ்தின்னு சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லலை. ஊருக்குள்ள சொல்றதைச் சொல்றேன்.

எனக்கு ஒரே தம்பி. தேவராசு. பொறந்தப்பக் கொஞ்ச நேரம் மூச்சு உடாமக் கெடந்துட்டான். அதுல மூளையிலிருந்து வர்ற கம்பி எங்கியோ லூசாயிப் போச்சு. கையும் காலும் அவன் பேச்சைக் கேக்காது. நடப்பான், தள்ளாடித் தள்ளாடி. வாயைத் தொறந்தா சத்தம் வரும், வார்த்தை வராது. ‘புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, நாக்குத்தான் திரும்ப மாட்டேங்குது’ன்னு டாக்டரு சொன்னாரு. அவுங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, பெத்தவங்க மனசு நோகக்கூடாதில்லீங்களா. தெனமும் காலைல பேப்பரை எடுத்துக்கிட்டுக் கடைசிப் பக்கம் வரைக்கும் உத்துப் பாப்பான். படம் பாக்கறதுல அவனுக்கு அத்தனை இஷ்டமுங்க.

அப்பனும் ஆத்தாளும் போனதுக்கு அப்பறம் அவனுக்கு வாய்ன்னா அது நான்தான். சொந்தபந்தம், ஒறம்பரைன்னு வந்து, ‘தேவராசு, நல்லாருக்கியா?’ன்னு கேப்பாங்க. அவன் ‘ஆ... ஏஏ...’ன்னு ஆரம்பிப்பான். முடிக்கற வரைக்கும் காத்திருந்தா காப்பி ஆறிப் போயிருமுங்க. நான் சட்டுனு சொல்லிருவேன், ‘நல்லாருக்கேன், நீங்க நல்லாருக்கீங்களாங்கறான்’னு. அவங்களும் சந்தோசமாப் போயிருவாங்க. அவன் அப்பறமும் என்னமோ சொல்லிட்டே இருப்பான். ‘போயிட்டு வாங்கங்கறான்’னு வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்புவேன்.

கோதுமை ரவை உப்புமான்னா அவனுக்கு உசுரு. தட்டைப் பாத்த ஒடனே சத்தம் போடுவான், கையை ஆட்டுவான். ‘பாரு சாந்தாமணி, உப்புமாவைக் கண்டதும் என்ன குதியாட்டம்!’ம்பேன். சாந்தாமணி என்ற ஊட்டுக்காரி. அவ ஒரு பார்வை பாப்பா. ‘அவரு அப்பிடிச் சொல்லலீங்க’ம்பா. ‘உனக்கென்ன தெரியும், நேத்து வந்தவ’ம்பேன். கண்ணாலமாயிப் பதினேழு வருசம் ஆச்சு, வெச்சுக்குங்க. இருந்தாலும் கூடப் பொறந்தவனுக்குத் தெரியறாப்பல வருமுங்களா?

துணியும் நான்தான் எடுப்பேன். அவனுக்கு நீலந்தான் புடிக்கும். எப்பிடித் தெரியும்னா, நான் எப்பவும் நீலந்தான் எடுப்பேன், அவன் எப்பவும் அதைத்தான் போட்டுக்குவான்.

இப்பிடி நல்லாப் போயிட்டிருந்ததுங்க. அப்பறந்தான் அந்த முகாம் வந்துச்சு.

எங்கூரு கண்ணால மண்டபத்துல போட்டாங்க. பேச்சு வராதவங்களுக்குப் பேசற மிசினாம். மைக்கு நான்தான். நடத்தினது நஸ்ரின்னு ஒரு அம்மிணி, இஞ்சினீருக்குப் படிச்சவங்க. கோயமுத்தூர் கணபதியில, மோட்டாருக்குக் காயில் கட்டற கடைங்களுக்கு நடுவுல ஒரு சின்னப் பட்டறை வெச்சிருக்காங்க. அவுங்க மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போயிருச்சாம். வெளிநாட்டு மிசினுக்கு வெலை கேட்டா ஒரு காரு வெலை சொன்னாங்களாம். அப்பவும் அது பேசறது செய்தி வாசிக்கற தமிழாம். ‘எங்க மாமா என்னைக்குங்க “எனக்கு நீர் அருந்த வேண்டும்”னு சொன்னாரு? “ஏம்மா, தண்ணி கொண்டா”ம்பாரு. அப்பிடிப் பேசற மிசின் வேணும், அதுவும் எல்லாரும் வாங்கற வெலையில வேணும்னுதான் நாங்களே பண்ண ஆரம்பிச்சோம்’னு மேடையில சொன்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க. மைக்கை வாயிலிருந்து ரெண்டு வெரக்கடை தள்ளிப் புடிச்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்.

மிசின் பெரிய மிசின் ஒண்ணுமில்லீங்க. வெலை கொறஞ்ச ஒரு டேப்லெட்டு. அது மேல ஒரு பிளாஸ்டிக் தகடு, கட்டங் கட்டமாப் பொத்தல் போட்டது. கை நடுங்கறவங்க தகட்டு மேல கையை ஊணிக்கிட்டு, பொத்தலுக்குள்ள வெரலை உட்டு அழுத்தலாம், பக்கத்துக் கட்டத்துல தவறிப் படாது. கட்டத்துக்கு ஒரு படம், ஒரு வார்த்தை. எழுத்துத் தெரிஞ்சவங்களுக்கு எழுத்துப் பக்கம் தனியா இருக்குது. அழுத்தினா சத்தமாச் சொல்லும். ஒரு சாதாரண செல்போன் வெலைதான்.

அவுங்களுக்கு ஒரே ஒரு குறை. குரல் வேணும். நம்ம பக்கத்துப் பேச்சுல, தெளிவா, ஓங்கி ஒலிக்கற ஆம்பளைக் குரல். அந்த மண்டபத்துல நின்னுக்கிட்டு அப்பிடியொரு குரலை எங்க போயித் தேடறதுங்க? நானே போயி, ‘அம்மிணி, எடுத்துக்குங்க’ன்னு சொன்னேன்.

பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு சின்ன ரூம்புல உக்கார வெச்சாங்க. சுவரு பூரா மெத்தையும் முட்டை அட்டையும். வாக்கியம் வாக்கியமாக் குடுப்பாங்க, நான் படிக்கோணும். பசிக்குது. பாத்ரூம் போகோணும். ஃபேனைப் போடுங்க. எல்லாஞ் சரிதான். அப்பறம் ‘வேண்டாம்’னு ஒண்ணு வந்துச்சு. மெதுவா ஒரு வேண்டாம் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். கோவமா ஒண்ணு. சொன்னேன். நொம்பக் கோவமா ஒண்ணு. ‘ஏனுங்க அம்மிணி, எதுக்கு இத்தனை வேண்டாம்? நல்லதா ஒரு சரி போட்டுக்கக் கூடாதா?’ன்னேன். அதுக்கு அவுங்க, ‘சரிங்கறதுக்குத் தலையை ஆட்டினாப் போதும்ங்கண்ணா, எல்லாரும் ஒத்துக்குவாங்க. வேண்டாம்னு தலையாட்டினாத்தான் ஆருக்கும் புரியறதில்லை’ன்னாங்க. படிச்சவங்க பேசறது சில சமயம் நமக்குப் புடிபடறதில்லீங்க.

நானும் சும்மா இருக்கலை. எனக்குத் தெரிஞ்ச ரோசனையெல்லாம் சொன்னேன். ‘வணக்கம்’, ‘நொம்ப நன்றிங்க’ ரெண்டையும் மேல வைங்க. ‘அண்ணா, சாப்புட்டீங்களா’ ஒண்ணு. நட்டநடுவுல, பெரிய கட்டமா, ‘அண்ணனைக் கேளுங்க’ன்னு ஒண்ணு. அது ஒண்ணு இருந்தாப் போதும், மத்ததெல்லாம் தேவையே இல்லீங்கன்னு சொன்னேன். அந்தம்மிணி சிரிச்சுக்கிட்டு, ‘பாக்கறேனுங்கண்ணா’ன்னாங்க. இன்னும் பாத்துட்டே இருக்காங்க.

குரல் குடுத்ததுக்குப் பதிலா, மொதல் மிசினை எங்க ஊட்டுக்கே கொண்டாந்தாங்க. தேவராசு பழகிப் பாத்து, எது செரியில்லைன்னு சொல்லோணுமாம், அதை வெச்சு அவுங்க திருத்துவாங்களாம். நான் பக்கத்துல நாலு ஊட்டைக் கூப்புட்டு வெச்சிருந்தேன். சாந்தாமணி உப்புமாவே பண்ணிப்போட்டா, நான்தான் சொல்லியிருந்தேன். தேவராசு தகட்டு மேல கையை வெச்சான். வெரலு அங்கியும் இங்கியும் போவுது. எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறோம். ‘வணக்கம் சொல்லப் போறான் பாருங்க’ன்னேன். மிசின் பேசுச்சு.

‘உப்புமா. வேண்டாம்.’

என் குரலுங்க சார்! அதுலயும் மூணாவது வேண்டாம். நொம்பக் கோவமாச் சொன்னேனே, அது.

நான் ஒடனே நஸ்ரினுக்குப் போன் போட்டுட்டேன். ‘மிசின் ரிப்பேருங்க அம்மிணி, மாத்திச் சொல்லுது’ன்னு. பாவம், அவுங்களும் பஸ் ஏறி வந்தாங்க. ஒவ்வொரு கட்டமா அழுத்தி அழுத்திப் பாத்தாங்க. தேவராசுகிட்ட உக்காந்து என்னமோ கேட்டாங்க, அவன் என்னமோ அழுத்தினான், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எந்திரிச்சு வந்து எங்கிட்ட, ‘மிசின் சரியா இருக்குதுங்கண்ணா. உப்புமாதான் சரியில்லை’ன்னாங்க.

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. நீலச் சட்டை வேண்டாம். ஃபேன் வேண்டாம், குளுருது. டிவியில பந்தயம் வேண்டாம், செய்தி போடுங்க. அவனுக்கென்ன செய்தி தெரியும்? நான் சொன்னேன், ‘வெரலு தவறிப் படுது’ன்னு. அவன் அடுத்த பக்கத்துக்குப் போனான். எழுத்துப் பக்கம். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அழுத்தறான். நான் பக்கத்துல உக்காந்து, ‘தண்ணி கேக்கறயா? காத்து வேணுமா? தலை வலிக்குதா?’ன்னு கேட்டுட்டே இருக்கறேன், அவன் பாட்டுக்கு அழுத்தறான். கடைசில மிசின் சொல்லுது: ‘அண்ணா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க.’

சாந்தாமணி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள ஓடிப் போயிட்டா.

சார், அந்த வாக்கியத்தை நான் படிக்கவே இல்லை. அந்த மெத்தை ரூம்புல நான் படிச்சது எல்லாமே எனக்கு ஞாபகம் இருக்குது. அப்பறந்தான் நஸ்ரின் வெவரஞ் சொன்னாங்க. நான் படிச்சதை வெச்சு மிசின் என் குரலைப் பழகிக்குமாம். பழகிக்கிட்டு, நான் படிக்காத வார்த்தையும் என் குரல்லயே பேசுமாம். இது எந்த ஊரு நாயமுங்க? ஒருத்தன் சொல்லாததை அவன் சொன்னதாட்டச் சொன்னா அதுக்குப் பேரு பொய்தானுங்களே? இதைத்தான் உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தேன். நீங்க சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

அவனுக்கு எழுத்து எப்பிடித் தெரியும்னு கேக்கறீங்களா? அதான் எனக்கும் அதிசயம். ஆத்தா சொல்லிக் குடுத்திருக்கோணும். பேப்பரைப் பாத்துப் பாத்து மிச்சத்தைத் தேத்திக்கிட்டானாட்ட இருக்குது. ‘உனக்குத் தெரியுமாடி?’ன்னு சாந்தாமணியைக் கேட்டேன். ‘தெரியும்’ங்கறா. ‘ஏன் சொல்லலை?’ன்னா, ‘நீங்க எப்பங்க கேட்டீங்க?’ங்கறா. பாருங்க, ஒரு ஊட்டுக்குள்ளயே எத்தனை ரகசியம்.

நஸ்ரின் வாரத்துக்கு ஒருக்கா வருவாங்க. தேவராசு குறை சொல்லுவான், அவுங்க திருத்துவாங்க. தகட்டு ஓரம் கையை அறுக்குதுன்னான், வழுவழுன்னு தேச்சுக் கொண்டாந்தாங்க. வெய்யில்ல திரை தெரியலைன்னான், மேல ஒரு மறைப்பு வெச்சாங்க. ஒரு வார்த்தையை அழுத்தறதுக்குள்ள அடுத்தவங்க பேச ஆரம்பிச்சர்றாங்க, அதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னான். அதுக்கு ஒரு பொத்தான் வெச்சாங்க. அதை அழுத்தினா, ‘இருங்க, சொல்லிட்டிருக்கேன்’னு சத்தமாச் சொல்லும். என் குரல்லதான். ஊட்டுக்கு வேற ஆரும் வந்து போறதில்லையா சார்? அந்தப் பொத்தானை அவன் எங்கிட்ட மட்டுந்தான் அமுக்குவான்.

ஒருநாள் கெட்ட வார்த்தை வேணும்னு கேட்டுட்டான். நஸ்ரின் முகமெல்லாம் செவந்து போச்சு. ‘மிசினுக்குள்ள அதெல்லாம் வெக்கலாமுங்களா, சரசுவதிங்க!’ன்னு நான் குதிச்சேன். அவன் எழுத்துப் பக்கத்துக்குப் போயி மெதுவா அழுத்தினான். ‘கோவம் வந்தா நான் என்ன, நொம்ப நன்றிங்கன்னா சொல்லறது?’ அந்தம்மிணி நோட்டுல குறிச்சுக்கிட்டு, ‘வெச்சுரலாம்’ன்னாங்க. நல்லவேளை, அதுக்கு என் குரலை எடுக்கலைன்னு நெனச்சேன். அப்பறம் தெரிஞ்சுது, எடுக்கத் தேவையில்லையாமா. அதுவே பழகிக்கிச்சு.

செரி, இதெல்லாங்கூடப் பொறுத்துக்கலாம். அந்த விழாவுலதானுங்க என் மானம் போச்சு.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்காரரு, நல்ல மனுசன், நெறைய மிசின் வாங்கி இல்லாதப்பட்டவங்களுக்கெல்லாம் குடுக்கறேன்னு சொன்னாரு. அதுக்கு விழா, எங்கூருலயே, அதே மண்டபத்துல. தேவராசு மேடையில பேசிக் காட்டோணும். அவரு மனசுக்குப் புடிச்சாத்தான் மிசின் வாங்குவாரு. அந்தம்மிணியோட பட்டறையே இதை நம்பித்தான் இருந்துச்சு. நான் பொறுப்பா ஒரு பேச்சுத் தயார் பண்ணினேன். ‘எனக்கு வாழ்வளித்த என் அண்ணன், என் தெய்வம்’னு ஆரம்பிக்கும். மிசின்ல ஏத்திப்போடுங்க அம்மிணி, அவன் ஒரு பொத்தானை அழுத்தினாப் போதும்னேன். ‘அது அவரு பேச்சுங்கண்ணா, அவருகிட்டக் கேளுங்க’ன்னாங்க. கேட்டேன். ரெண்டாவது வேண்டாம்.

விழாவுக்கு அத்தனை கூட்டம். சாந்தாமணி பொம்பளைங்க வரிசையில உக்காந்திருந்தா. கம்பெனிக்காரரு மேடையில தேவராசு தோளைத் தட்டிக் குடுத்துட்டு எங்கிட்டத் திரும்பி, ‘பையன் என்ன சொல்றான்?’ன்னாரு. நான் மைக்கை எடுக்கறதுக்குள்ள மிசின் பேசிருச்சு. அதோட ஒயரை ஆம்ப்ளிஃபயர்ல குத்தியிருந்துச்சு, மண்டபம் பூராக் கேக்குது. ‘நான் பையன் இல்லீங்க. எனக்கு முப்பத்தாறு வயசு. என்னைக் கேளுங்க.’

ஜனம் கையைத் தட்டிருச்சு. கம்பெனிக்காரரு கொஞ்சம் அசந்துட்டாரு. அப்பறம் அவன் முன்னால குனிஞ்சு, ‘மன்னிச்சுக்குங்க. இந்த மிசின் உங்களுக்கு எப்பிடி உபயோகமா இருக்குது?’ன்னு கேட்டாரு. தேவராசு அழுத்தினான். நேரமாகுது. எனக்கு அங்க நிக்க முடியலீங்க, ரெண்டு தடவை பேசப் போயி ரெண்டு தடவையும் ‘இருங்க, சொல்லிட்டிருக்கேன்’னு மிசின் சொல்லிருச்சு. கடைசில சொல்லுது: ‘இது முன்னாடியே இருந்திருந்தா நான் பொள்ளாச்சிக்குப் போயிருப்பேன்.’

அது என்னன்னா, ஏழெட்டு வருசம் முந்தி பொள்ளாச்சியில இருந்து சில பேரு வந்தாங்க. இவனாட்ட ஆளுங்களே சேந்து அங்க ஒரு பட்டறை நடத்தறாங்க, சோப்பு, பினாயில்னு பண்ணி விக்கறது, அங்கியே தங்கறதுக்கும் எடம் இருக்குது. தேவராசுவை அனுப்பறீங்களான்னு கேட்டாங்க. இவன் ஒடனே ‘ஆ... ஏஏ!’ன்னு கத்தறான், மேசையைக் குத்தறான். அத்தனை பேரு முன்னால என்ன கோவம்! நான் சொன்னேன், ‘வரமாட்டேங்கறான், அண்ணனை உட்டு இருக்க மாட்டான்’னு. அவங்களும் காப்பி குடிச்சுப்போட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் பாவம், ரெண்டு நாளு சோறு தண்ணி எடுக்கலை. அவங்க வந்து தொந்தரவு பண்ணினதுல அவனுக்கு மனசு கெட்டுப் போச்சுங்க.

மேடையில அதைப் பத்தித்தான் ஆரம்பிச்சான். ‘அன்னைக்கு நான்’னு மிசின் சொல்லுச்சு. அதோட சத்தம் நின்னு போச்சு. ஆம்ப்ளிஃபயர் எம் பக்கத்துலதான் இருந்துச்சு. கை பட்டிருக்கும் சார். சூடாச்சுன்னா அதுவே நின்னுக்கும், பழைய பொட்டி. நான் வேணும்னு எதுக்குங்க பண்ணப் போறேன்?

சத்தம் இல்லைன்னதும் நான் மைக்கைப் புடிச்சு, ‘தம்பி உங்க எல்லாருக்கும் நன்றிங்கறான்’னேன். அது வேற பொட்டியில குத்தின மைக்கு, அது நல்லா வேலை செஞ்சுது. தேவராசு என்ன பண்ணினான் தெரியுங்களா? மிசினை மேசை மேல வெச்சுட்டு, எந்திரிச்சு நின்னு, அவன் தொண்டையிலயே கத்த ஆரம்பிச்சுட்டான். கையி காலெல்லாம் நடுங்குது. கழுத்து நரம்பு பொடைக்குது. ஆ... ஏஏ... ஊஊ. கூட்டம் முழிக்குது. கம்பெனிக்காரரு என்னைப் பாக்கறாரு. நான் மறுக்கா மைக்கைத் தூக்கறேன்.

அப்பப் பொம்பளைங்க வரிசையில இருந்து சாந்தாமணி எந்திரிச்சா. சார், அவ பந்தியில கூட ரெண்டாந்தரம் ரசம் கேக்க மாட்டா. அவ எந்திரிச்சு நின்னு சொல்றா, ‘அவரு சொல்றது எனக்குப் புரியுமுங்க. என்ற ஊட்டுக்காரரைப் பத்தித்தான் சொல்றாரு. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடறேன்.’ அவன் ஒரு வரி கத்தறான், நின்னுக்கறான். இவ ஒரு வரி சொல்றா.

‘அன்னைக்கு நான் வர்றேன்னுதான் கத்தினேன்.’

‘மேசையைக் குத்திக் குத்திச் சொன்னேன், வர்றேன் வர்றேன்னு.’

‘அண்ணன் வரமாட்டேங்கறான்னு சொல்லிட்டாரு.’

‘இப்ப நான் கோயமுத்தூர் போறேன். நஸ்ரின் அம்மிணி பட்டறையில வேலைக்கு. ஆருகிட்டயும் கேக்கலை. சொல்றேன்.’

கம்பெனிக்காரரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அப்பறம் எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க. நான் மைக்குல, ‘தம்பி எப்பவும் இப்பிடித்தான், வெளையாட்டுப் பேச்சு’ன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கலைங்க. முப்பது வருச மைக்கு அனுபவத்துல, நான் பேசி ஒருத்தரும் திரும்பிப் பாக்காதது அன்னைக்குத்தான்.

நீங்களே சொல்லுங்க சார். ‘ஆ... ஏஏ.’ இதுல எங்க இருக்குது வர்றேன்?

அடுத்த நாள் காலைலயே கெளம்பிட்டான். சாந்தாமணிதான் துணி மடிச்சு வெச்சா. கம்பெனிக்காரரு மொதல்ல சொன்னதை விட அதிகமாவே மிசின் வாங்கறேன்னுட்டாராம். இவன் இப்பக் கணபதியிலயே ஒரு ரூம்பு எடுத்து, பட்டறையில வேலை பண்ற இன்னொருத்தன்கூடத் தங்கியிருக்கான். அவனுக்கு என்ன வேலைன்னா, பேச்சு வராதவங்க ஊடு ஊடாப் போயி, ‘உங்களுக்கு என்ன வார்த்தை வேணும்?’னு கேக்கறது. இதுக்குச் சம்பளம் வேற. பீளமேட்டுல ஒரு பழைய கண்டக்டரு, வாதம் வந்து படுத்திருக்கறவரு, ‘படியில நிக்காதீங்க’ன்னு ஒண்ணு வேணும்னாராம். பேரனுங்க வாசப்படியில நின்னா இப்பப் படுக்கையிலிருந்தே அழுத்தறாராம். ஒரு அய்யா, ‘கதவைச் சாத்திட்டுப் போங்க’ மட்டும் போதும்னாராம். எல்லாம் ஆரு குரலுங்க? இந்தக் குரல்தான். இந்த ஜில்லா பூரா எத்தனை ஊட்டுல என் தொண்டையில நின்னுக்கிட்டு, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டிருக்காங்களோ. நினைச்சாப் பயமா இருக்குது.

இவனுக்கு வேற குரல் மாத்தித் தரட்டுமான்னு நஸ்ரின் கேட்டாங்களாம். பட்டறையில இப்ப நாலஞ்சு குரல் இருக்குது. ‘வேண்டாங்க. எங்கூருல எல்லாரும் இந்தக் குரலுக்குத்தான் அடங்கிப் பழகியிருக்காங்க’ன்னு சொல்லிட்டானாம். பாசம் உட்டுப் போகுமுங்களா? ஒரே ரத்தமில்லீங்களா.

ஊடுதான் ஒரு மாதிரி இருக்குது. சாந்தாமணி தெனமும் சாயங்காலம் அவன்கூடப் போன்ல பேசறா. மிசின் இல்லாம. அவன் ஆ ஊங்கறான், இவ சிரிக்கறா, ‘அய்யோ, அப்பறம்?’ங்கறா. நான் பக்கத்துல போயி நிக்கறேன். ‘என்ன சொல்றான்?’னா, ‘உங்களைப் பத்தி இல்லீங்க’ங்கறா. என்னைப் பத்தி இல்லாம, அப்பிடி என்னங்க பேசறதுக்கு இருக்குது?

எங்கிட்டயும் ஒருநாள் போனைக் குடுத்தா. ‘மிசின்ல பேசு தேவராசு’ன்னேன். இல்லை, வாயிலதான் பேசினான். நெறைய நேரம் பேசினான். நான் ‘ம், ம்’னுட்டிருந்தேன். கடைசில சாந்தாமணி போனை வாங்கிக் காதுல வெச்சுக் கேட்டுப்போட்டு, ‘உங்களை ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொல்றாருங்க’ன்னா. எனக்கும் அப்பிடித்தான் கேட்டுச்சு.

அதுதான் இப்பப் போறேன். பட்டறையிலயும் எனக்கு வேலை இருக்குதுங்க. சில வார்த்தையை மிசின் தானாச் சொன்னா உசுரு வர்றதில்லையாம், நானே படிச்சுக் குடுத்தாத்தான் நல்லாருக்குமாம். நாச்சிமுத்து இல்லாம ஆகறதில்லைன்னு பாத்தீங்களா? என்னென்ன வார்த்தைன்னு கேட்டேன். ‘உடுங்க.’ ‘என் இஷ்டம்.’ ‘நீங்க கெளம்புங்க.’ இப்பிடித்தான் இருக்குது எல்லாமே. ஜனங்களுக்கு மரியாதையே கொறஞ்சு போச்சு சார்.

அதா, உக்கடம் வந்துருச்சு. உங்களுக்கு இன்னும் உள்ள போகோணுமா? செரீங்க. பொழுது போனதே தெரியலை, நல்லாப் பேசினீங்க. அதா பாருங்க, அந்தத் தூணுக்குப் பக்கத்துல, கழுத்துல மிசினை மாட்டிட்டு. அவந்தான், என்ற தம்பி. வர வேண்டாம்னு சொன்னேன், வந்து நிக்கறான் பாருங்க. வர்றேனுங்க சார்.

சார், சார், கீழ நிக்கறேன், அந்தச் சன்னலைத் தொறங்க. கேக்குதுங்களா? தேவராசு, இந்த சாரு என்கூட வந்தாரு, நொம்ப நல்ல மனுசன். பாருங்க, உங்களைப் பாத்துக் கத்தறான், மிசினை எடுக்கக்கூட அவனுக்குப் பொறுமையில்லை. ‘எ... உப்பு! எ... உப்பு!’ங்கறான், கேட்டீங்களா? சிறப்புங்கறான்! அண்ணன் வந்ததுல அவனுக்கு அத்தனை சிறப்பு. கீழ கையைக் காட்டறான் பாருங்க, கால்ல உழுந்து கும்புடறேங்கறான். வேண்டாஞ்சாமி, நடுரோட்டுல அதெல்லாம் எதுக்கு, மனசுல இருந்தாப் போதும்...

என்னுங்க சார்? வண்டிச் சத்தத்துல கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க.

செருப்பா?

அடக் கெரகமே, ஆமாங்க, சீட்டுக்கடியில கழட்டி உட்டது. வீசுங்க, வீசுங்க, வண்டி நவுருது! இது உங்களுக்கு எப்பிடிங்க புரிஞ்சுது? அவனை இப்பத்தான மொதல்ல பாக்கறீங்க? என்னுங்க, அவனைப் பாத்து என்னமோ சொல்றீங்க, அவனும் என்னமோ சொல்றான். ரெண்டு பேரும் எதுக்குங்க சிரிக்கறீங்க? எனக்கும் சொல்லுங்க.